சதைத் துணுக்கு ஒன்று, டெஸ்ட் நான்கு: நுரையீரல் புற்றுநோயில் எதை முதலில் செய்வது?

போச்சம்பள்ளியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அப்பாவுக்கு நுரையீரலில் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி. ஆபரேஷன் முடிந்துவிட்டது. நெறிக்கட்டிகளில் பரவல் இல்லை, அடினோகார்சினோமா (சுரப்பி செல்லில் தொடங்கும் வகை), ஸ்டேஜ் 1பி என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் கீமோ தேவையில்லை என்கிறார், இன்னொருவர் யோசிக்கலாம் என்கிறார். நடுவில் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் அக்கா மகன், "மாமா, மரபணு வெளிப்பாடு டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. கேன்சர் எவ்வளவு வீரியமானதுன்னு அதுவே சொல்லிடும். மெழுகுல பதிச்ச சதை பிளாக்கை வெளிநாட்டுக்கு அனுப்பிடலாம்" என்று சொல்ல, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

காரிமங்கலத்திலிருந்து இன்னொருவர். அம்மாவுக்கு ஸ்டேஜ் 4. ஸ்கேன் பார்த்து ஊசி வைத்து எடுத்த பயாப்ஸி மட்டும்தான் கையில் இருக்கிறது. என்ஜிஎஸ் (பல மரபணுக்களை ஒரே ஓட்டத்தில் படிக்கும் டெஸ்ட்) செய்வதா, ஒவ்வொன்றாகச் செய்வதா, ரத்தத்திலேயே பார்த்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. தர்மபுரிப் பக்கம் பல வருடமாகத் திசு ஆய்வகத்தில் பிளாக் வெட்டுகிறவன். மருந்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் ஆன்காலஜிஸ்ட். ஆனால் அவர் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்னவென்று பாருங்கள். ஊசி பயாப்ஸி என்றால், ஃபார்மலின் (சதை அழுகாமல் காக்கும் திரவம்) பாட்டிலுக்குள் மிதப்பது உடைந்த சேமியா மாதிரி நாலைந்து வெள்ளைத் துண்டுகள். அவ்வளவுதான். அதை மெழுகில் பதித்து, தபால்தலை அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்தால் அதுதான் பிளாக். பிளாக்கை வாங்க வருகிறவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா சார்?" என்று கேட்காமல் போனதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாரும் முதலில் பார்ப்பது விலை. நான் அதை நாலாவதாக வைப்பேன்.

முதல் கேள்வி: ரிசல்ட் வந்தால் மருந்துச் சீட்டு மாறுமா? "பாசிட்டிவ்" என்றால் ஒரு மருந்து, "நெகட்டிவ்" என்றால் வேறு மருந்து என்று டாக்டர் இப்போதே சொல்ல முடிந்தால் அந்த டெஸ்டுக்கு மதிப்பு உண்டு. இரண்டுக்கும் ஒரே சிகிச்சைதான் என்றால், வந்து சேர்வது ஒரு காகிதம்.

இரண்டாவது: சதை எவ்வளவு தின்னும்? பணம் போனால் கடன் வாங்கலாம். பிளாக்கில் சதை தீர்ந்தால் மறுபடி ஊசி குத்த வேண்டும், அதற்கு உடம்பில் தெம்பு இருக்க வேண்டும்.

மூன்றாவது நாட்கள். மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறவருக்கு மூன்று வாரம் என்பது சின்ன விஷயமில்லை. நாலாவதுதான் காசு. அதிலும் டெஸ்ட் கட்டணம் ஒரு பங்கு என்றால், பஸ், தங்கல், கூட வருகிறவரின் கூலி இழப்பு இன்னொரு பங்கு. கடைசியாக ஒன்று: வந்த ரிப்போர்ட்டைப் படித்து அதன்படி நடக்க ஆள் வேண்டும். நாற்பது பக்க ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பையில் போட்டுச் சுற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## மைக் செட் கணக்கு

இந்த டெஸ்டுகள் எல்லாம் "ஜீன் டெஸ்ட்" என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால்தான் இவ்வளவு குழப்பம். இரண்டு வகையைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஊர்த் திருவிழாவில் ஆளுக்கு ஒரு தெருவில் மைக் செட் கட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு செட்டில் ஒயர் கெட்டுப்போய், சுவிட்சை அணைத்தாலும் நிற்காமல் ஊளையிடுகிறது. அதுதான் மரபணுத் திரிபு. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்று சொல்வதெல்லாம் இந்த வகை. எந்த செட் என்று தெரிந்தால் அதன் ஒயரைப் பிடுங்க மாத்திரை இருக்கிறது.

மரபணு வெளிப்பாடு என்பது வேறு. ஒயர் கெட்டிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, எந்தத் தெருவில் எவ்வளவு சத்தம் என்று அளக்கிறது. ஒரு மரபணு வேலை செய்யும்போது டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது. நகல் எத்தனை என்று எண்ணினால் அந்த மரபணு எவ்வளவு மும்முரமாக ஓடுகிறது என்று தெரியும். செல் பிரிவதற்கு உதவும் மரபணுக்களின் சத்தம் கூடியிருந்தால் கட்டி வேகமாக வளரக்கூடியது என்று ஊகிக்கலாம். நோயின் வீரியத்தைச் சொல்வதாகச் சொல்லப்படும் டெஸ்ட் இதுதான். இந்தச் சத்தத்தைக் குறைக்க இன்ன மாத்திரை என்று அதனால் கை காட்ட முடியாது.

## ஏற்கெனவே கையில் இருப்பது: ஸ்லைடு ரிப்போர்ட்

டெஸ்ட் பட்டியலில் இதை நான் சேர்க்கவில்லை. காரணம், இதற்கு நீங்கள் காசு கட்டியாகிவிட்டது. ஆனால் "வீரியம்" பற்றிக் கேட்கிற பத்தில் ஒன்பது பேர் இதை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். "மேலிக்னன்ட்" என்ற சொல்லோடு படிப்பு நின்றுவிடும்.

நுரையீரல் அடினோகார்சினோமா மைக்ரோஸ்கோப்பில் பல வடிவங்களில் தெரியும். காற்றுப்பைகளின் சுவரை ஒட்டிப் படர்ந்தால் லெபிடிக். சுரப்பி மாதிரி வளையமாக நின்றால் அசினார். கட்டிப்பிடித்த திட்டாக இருந்தால் சாலிட். சின்னச் சின்னக் கொத்துகளாக மிதந்தால் மைக்ரோபேப்பில்லரி. 2020-ல் சர்வதேச நுரையீரல் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் நோயியல் குழு ஒரு தரவரிசை வெளியிட்டது. சாலிட், மைக்ரோபேப்பில்லரி, சிக்கலான சுரப்பி வடிவங்கள் எல்லாம் சேர்ந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், மீதி என்னவாக இருந்தாலும் அது கிரேடு 3, அதாவது வீரியம் கூடியது. லெபிடிக் மிகுந்து, இந்த முரட்டு வடிவங்கள் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கிரேடு 1.

இதோடு ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, நுரையீரலின் மேலுறையைத் தொட்டிருக்கிறதா, காற்றுப்பைகள் வழியாகச் சிதறியிருக்கிறதா, வெட்டிய விளிம்பு சுத்தமா, எத்தனை நெறிக்கட்டிகள் எடுத்துப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தால் கட்டியின் குணம் பற்றிய படம் பெருமளவு வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த வடிவச் சதவீதமெல்லாம் ஆபரேஷனில் எடுத்த முழுக் கட்டியில்தான் நம்பிச் சொல்ல முடியும், சேமியாத் துண்டில் முடியாது.

ரிப்போர்ட்டில் இவை இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் போய்க் கேளுங்கள். ஸ்லைடு அங்கேதான் இருக்கும். பேத்தாலஜிஸ்ட் மறுபடி பார்த்துக் கூடுதல் ரிப்போர்ட் தரலாம். சதை ஒரு துளி கூடச் செலவாகாது.

## மரபணு வெளிப்பாடு டெஸ்ட்

அக்கா மகன் சொன்னது புளுகு இல்லை. இப்படி ஒரு துறை இருக்கிறது, இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

2007-ல் தைவான் ஆய்வாளர்கள் 125 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து, ஐந்தே மரபணுக்களின் அளவை வைத்து யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரிக்கலாம் என்று காட்டினார்கள். 2012-ல் லான்செட் இதழில் 14 மரபணு டெஸ்ட் வந்தது. 11 மரபணுக்கள் புற்றுநோய் சம்பந்தப்பட்டவை, மூன்று ஒப்பிட்டு அளக்க. இதன் நல்ல விஷயம், மெழுகு பிளாக்கிலேயே செய்யலாம். ஐஸில் உறையவைத்த சதை தேவையில்லை. அமெரிக்காவில் இது வணிக ரீதியாகவும் வந்தது. 2019-ல் லண்டனை மையமாகக் கொண்ட ட்ரேசர்எக்ஸ் குழு 23 மரபணுக்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தந்தது.

இப்போது அந்த 14 மரபணு டெஸ்டின் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஸ்டேஜ் 1-ல் ஆபரேஷன் ஆன 433 பேரில் சோதித்தார்கள். "ஆபத்து குறைவு" என்று வந்தவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 71.4 சதவீதம். "ஆபத்து அதிகம்" என்று வந்தவர்களில் 49.2 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமிருந்து படியுங்கள். ஆபத்து குறைவு என்று சொல்லப்பட்ட நூறு பேரில் 29 பேர் இல்லை. ஆபத்து அதிகம் என்று சொல்லப்பட்ட நூறு பேரில் 49 பேர் இருக்கிறார்கள். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று அந்தக் காகிதம் சொல்லாது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது. அதுவும் ஸ்குவாமஸ் (தட்டை செல்) வகை அல்லாத கட்டிகளுக்கு மட்டும்.

மார்பகப் புற்றுநோயில் மட்டும் இப்படி ஒரு டெஸ்டை வைத்து கீமோ வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே 21 மரபணு டெஸ்டை வைத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, மதிப்பெண் நடுத்தரமாக இருந்தவர்களைக் கீமோ உண்டு, இல்லை என்று சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, 2018-ல் முடிவு சொன்னார்கள். நுரையீரலில் அந்த அளவுக்கு உறுதியான அடித்தளம் இன்னும் விழவில்லை.

அதற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு குழுவும் ஒரு மரபணுப் பட்டியல் தந்தது. ஒரு பட்டியலில் இருப்பது இன்னொன்றில் பெரும்பாலும் இல்லை. ஒரே கட்டியில் இந்த ஓரத்தில் எடுத்த துண்டுக்கு ஒரு மதிப்பெண், அந்த ஓரத்தில் எடுத்ததற்கு வேறு மதிப்பெண் வருவதும் உண்டு. கட்டிக்குள்ளேயே இடத்துக்கு இடம் சத்தம் வேறு. 23 மரபணுப் பட்டியல் இந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான் வந்தது, எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் மரபணுக்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். இடையில் ஒரு கறையும் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006-ல் புகழ்பெற்ற இதழில் வந்த இதே வகை ஆய்வு ஒன்று, முடிவுகளை மறுபடி செய்து காட்ட முடியாமல் 2011-ல் திரும்பப் பெறப்பட்டது.

அப்புறம் எங்கள் பக்கத்துச் சங்கதி. ஆர்என்ஏ கோடைக்காலப் பால் மாதிரி, கொஞ்சம் தாமதித்தாலும் கெட்டுப்போகும். ஆபரேஷனில் எடுத்த நுரையீரல் மடலை அப்படியே முழுசாக ஃபார்மலின் வாளியில் போட்டால், திரவம் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். வெளியே பதமாகி, நடுவில் இருக்கும் கட்டி அதற்குள் அழுக ஆரம்பித்திருக்கும். வந்தவுடன் கீறிவிட வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை வரும் சதைக்கு இதற்கு நேர்மாறான கதி. ஃபார்மலினிலேயே நான்கு நாள் ஊறும். 6 முதல் 48 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. அதைத் தாண்டினால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தடையில்லை, ஆனால் ஆர்என்ஏ துண்டு துண்டாகியிருக்கும். இப்படிப்பட்ட பிளாக்கை லட்சக்கணக்கில் செலவழித்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் "அளக்க இயலவில்லை" என்று திரும்பி வரலாம். யாரும் இதை முன்கூட்டியே சொல்வதில்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னொன்று. நம் வீடுகளில் நோயாளியிடம் "கேன்சர்" என்ற சொல்லையே பாதிப்பேர் சொல்வதில்லை, "சின்னக் கட்டி" என்றுதான் ஓடுகிறது. அந்த வீட்டுக்குள் "ஹை ரிஸ்க்" என்று ஒரு காகிதம் வந்தால் அதை யார் வைத்துக்கொள்வது? அலமாரியில் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, மகள் தனியாக அழுதுகொண்டிருந்த வீடு எனக்குத் தெரியும். அதை வைத்துச் சிகிச்சை மாறியிருந்தாலாவது பரவாயில்லை. மாறவில்லை.

சரி, இது எப்போது உருப்படும்? ஆபரேஷன் முடிந்த ஸ்டேஜ் 1, ஸ்குவாமஸ் அல்லாத வகை, மாத்திரை இருக்கும் திரிபு எதுவும் இல்லை, ஸ்லைடு ரிப்போர்ட் இரண்டுங்கெட்டானாக இருக்கிறது, கீமோ கொடுத்தால் தாங்குகிற உடம்பு, டாக்டரே "மதிப்பெண் கூடியிருந்தால் கொடுப்பேன், குறைந்திருந்தால் விடுவேன்" என்று முன்கூட்டிச் சொல்கிறார், பணமும் ஒரு பொருட்டில்லை. இத்தனையும் சேர்ந்தால் செய்யலாம். ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டு இலவசமாகச் செய்கிறார்கள் என்றாலும் சரி, தாராளமாகக் கொடுங்கள். ஸ்டேஜ் 4-ல் இதற்கு வேலையே இல்லை.

## தனித்தனி டெஸ்டுகள்: ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1, பிடி-எல்1

இங்கேதான் மருந்துச் சீட்டு உண்மையில் மாறும். நம் நாட்டில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் திரிபு இருக்கிறது. புகைபிடிக்காத பெண்களிடம் இன்னும் அதிகம். பாசிட்டிவ் என்றால் கீமோவுக்குப் பதில் தினம் ஒரு மாத்திரையில் தொடங்கலாம். ஏஎல்கே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான், ஆனால் கிடைத்தால் அதற்கும் நல்ல மாத்திரைகள் உண்டு.

பிடி-எல்1 என்பது ஒரு மரபணுவின் வெளிப்பாட்டைப் புரதமாகச் சாயம் ஏற்றி எண்ணுவதுதான். வெளிப்பாடு டெஸ்ட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, மருந்தோடு நேரடியாகக் கட்டப்பட்ட வெளிப்பாடு டெஸ்ட் இதுதான் என்று சொல்வேன். புற்றுசெல்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ சாயம் பிடித்து, ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே இரண்டும் இல்லையென்றால், கீமோ இல்லாமல் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) மட்டும் தரும் வழி திறக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிடி-எல்1 ரிசல்ட் மூன்று நாலு நாளில் வந்துவிடும், மரபணு ரிசல்ட் பின்னால் வரும். அவசரப்பட்டு இம்யூனோதெரபி ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று வந்து ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால், நுரையீரல் அழற்சி ஆபத்து கூடுகிறது. மரபணு ரிசல்டும் வந்த பிறகு தொடங்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டணம் ஒவ்வொன்றும் சில ஆயிரங்களில் முடியும். மறைந்திருக்கும் செலவு சதையில். அது மைக்ரோடோமில், அதாவது பிளாக்கை மெல்லிசாகச் சீவும் இயந்திரத்தில் உட்காருகிற எங்களுக்குத்தான் தெரியும். பிளாக்கை ஒருமுறை கழற்றிவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி மாட்டினால் முன்பிருந்த அதே மட்டத்தில் அது உட்காராது. கத்திக்கு நேராக வரும்வரை சீவ வேண்டும். அந்தச் சீவல் அப்படியே குப்பைக்குப் போகும். ஈஜிஎஃப்ஆருக்கு ஒருமுறை, நெகட்டிவ் என்றதும் ஏஎல்கேவுக்கு ஒருமுறை, அப்புறம் ஆர்ஓஎஸ்1-க்கு ஒருமுறை என்று மாட்டிக் கழற்றினால், டெஸ்டுக்குப் போனதைவிடச் சீவலில் போனது அதிகமாகிவிடும்.

என் பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான். பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். இருமல் என்று போனவருக்குச் சளியில் கிருமி இல்லாமலேயே ஐந்து மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், எடை குறைந்துகொண்டே போனது. கடைசியில் பயாப்ஸி எடுத்து, வேறு ஊரில் ஒரு ஆய்வகத்தில் என்ன வகை என்று பார்க்கவே ஒன்றன்பின் ஒன்றாக எட்டு ஒன்பது சாயம் போட்டார்கள். இரண்டே போதுமாக இருந்திருக்கும். ஈஜிஎஃப்ஆர் என்று கேட்டபோது பிளாக்கில் மெழுகுதான் மிச்சம். மறுபடி ஊசி குத்த அவர் ஒப்பவில்லை. அந்த பிளாக் இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது, நடுவில் ஒரு பள்ளத்தோடு.

அதனால் தனித்தனி டெஸ்ட் என்று முடிவெடுத்தாலும், வெட்டுவதை ஒரே தடவையில் வெட்டச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து ஸ்லைடு சேர்த்து வெட்டி வைத்துக்கொண்டால் பிறகு எந்த டெஸ்டுக்கும் எடுத்துக் கொடுக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் எந்த ஆய்வகமும் செய்யும்.

## என்ஜிஎஸ்

பத்து முதல் சில நூறு மரபணுக்கள் வரை ஒரே ஓட்டத்தில் படிக்கும். ஒருமுறை வெட்டினால் போதும் என்பதால், சதை குறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் இது உண்மையில் சிக்கனம். ரெட், மெட், கேராஸ் என்று அரிதானவையும் சிக்கும். ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம். கட்டணம் பல பத்தாயிரங்களில். துண்டில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது புற்றுசெல்கள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

"நாங்க ஆர்என்ஏ-வும் பாக்கறோம்" என்று ஆய்வகப் பிரதிநிதி சொல்வார். அதை வீரிய டெஸ்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1, ரெட் மாதிரி இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் திரிபுகளை ஆர்என்ஏ-வில் தேடினால் தவறவிடும் வாய்ப்பு குறைவு, அதற்காகத்தான் பார்க்கிறார்கள். வீரியம் பற்றிய குறிப்பு என்ஜிஎஸ்ஸில் மறைமுகமாகவே வரும். கேராஸோடு எஸ்டிகே11 என்ற மரபணுவும் கெட்டிருந்தால் இம்யூனோதெரபிக்கு அவ்வளவாகக் கேட்காது என்பது போல.

பெரிய பேனல் (ஒரே டெஸ்டில் பார்க்கும் மரபணுத் தொகுப்பு) எடுத்தால் கூடவே வருவது, மருந்து இல்லாத பத்துப் பன்னிரண்டு மாற்றங்களின் பட்டியலும், "நம் நாட்டில் கிடைக்காது" என்ற அடிக்குறிப்பும். நுரையீரலுக்கென்று அமைந்த சின்ன பேனலே பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

## ரத்தத்தில் பார்ப்பது

கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடுவது. சிறப்புக் குழாயில் எடுத்தால் தர்மபுரியிலேயே ரத்தம் கொடுத்து கூரியரில் அனுப்பிவிடலாம், நோயாளி நகர வேண்டாம். திரிபு இருக்கிறது என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்று வந்தால் நம்பக்கூடாது, கட்டி போதுமான அளவு டிஎன்ஏ-வை விடவில்லை என்பது கூடக் காரணமாக இருக்கும். பிளாக் தீர்ந்தவர்கள், மறுபடி ஊசி குத்த முடியாதவர்கள், மாத்திரை கேட்காமல் போய் நோய் மறுபடி கிளம்பியவர்கள், இவர்களுக்கு இது நல்ல வழி. ஆபரேஷன் முடிந்த ஸ்டேஜ் 1-ல் எந்த மாத்திரை என்று தேட இதை நாட வேண்டாம், முழுக் கட்டியே பிளாக்கில் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | வெளிப்பாடு டெஸ்ட் | தனித்தனி டெஸ்ட் | என்ஜிஎஸ் | ரத்த டெஸ்ட் |
|---|---|---|---|---|
| என்ன சொல்லும் | திரும்பி வரும் ஆபத்து, கூட்டக் கணக்கில் | எந்த மருந்து | எந்த மருந்து, அரிதானவையும் | எந்த மருந்து, கிடைத்தால் |
| மருந்துச் சீட்டு மாறுமா | அபூர்வமாக | ஆம் | ஆம் | பாசிட்டிவ் என்றால் ஆம் |
| சதைச் செலவு | நடுத்தரம், ஆர்என்ஏ கெடாமல் இருக்க வேண்டும் | பிரித்துச் செய்தால் மிக அதிகம் | ஒரே வெட்டில் முடியும் | இல்லை |
| காத்திருப்பு | வாரக்கணக்கு | ஒரு வாரம் முன்னே பின்னே | 2–3 வாரம் | 1–2 வாரம் |
| பணம் | மிக அதிகம் | சில ஆயிரங்கள் | பல பத்தாயிரங்கள் | பல பத்தாயிரங்கள் |
| வெளியே தெரியாத செலவு | வீட்டு நிம்மதி | சீவலில் போகும் சதை | பயனில்லாத பக்கங்கள் | பொய்யான "இல்லை" |

## இந்த இரண்டு வீட்டுக்கும் என் பதில்

போச்சம்பள்ளி அன்பருக்கு: முதலில் ஸ்லைடு ரிப்போர்ட்டில் கிரேடு, ரத்தக்குழாய், மேலுறை பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஈஜிஎஃப்ஆர். ஸ்டேஜ் 1-க்கு எதற்கு என்று கேட்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மூன்று வருடம் ஓசிமெர்டினிப் கொடுத்துப் பார்த்த அடாரா ஆய்வில், ஸ்டேஜ் 1பி முதல் 3ஏ வரை இருந்தவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 88 சதவீதம், மாத்திரை எடுக்காத பக்கத்தில் 78. வீரியம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதைவிட இது உபயோகமான தகவல். அந்த மாத்திரை விலை கூடியதுதான். 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கி, பிறகு ஜிஎஸ்டியையும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனாலும் மூன்று வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கீமோவில் இரண்டு டாக்டரும் மாறி மாறிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஐந்து பெரிய ஆய்வுகளில் இருந்த 4,584 பேரைச் சேர்த்து 2008-ல் பார்த்தபோது, கீமோவால் மொத்தத்தில் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் லாபம் தெரிந்தது. அது பெரும்பாலும் ஸ்டேஜ் 2, 3-ல். 1பி-யில் தெளிவாகத் தெரியவில்லை, 1ஏ-வில் கெடுதல் பக்கம் சாய்ந்தது. திரிபும் இல்லை, கிரேடு 3 என்றும் வந்தால் இரண்டாவது டாக்டரிடம் திரும்பப் போங்கள். அப்போதும் இழுபறி என்றால்தான் வெளிப்பாடு டெஸ்ட் பேச்சு. அக்கா மகனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவன் படித்தது சரி, வரிசைதான் தப்பு.

காரிமங்கலம் அன்பருக்கு: அம்மா புகைபிடிக்காதவர், அடினோகார்சினோமா என்றால் சின்ன என்ஜிஎஸ் பேனல், கூடவே பிடி-எல்1, இரண்டுக்கும் ஒரே நாளில் வெட்டச் சொல்லுங்கள். பணம் இடிக்கிறது என்றால் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யுங்கள், ஒன்று முடிந்து இன்னொன்று வேண்டாம். மருந்து நிறுவனங்கள் செலவை ஏற்கும் டெஸ்ட் திட்டங்கள் அவ்வப்போது உண்டு. படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆன்காலஜிஸ்ட், அதனால் அவரிடமே கூச்சப்படாமல் கேளுங்கள். சதை போதாது என்று பதில் வந்தால் அன்றே ரத்த டெஸ்ட். அம்மாவுக்கு மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போனால் எந்த டெஸ்டுக்காகவும் காத்திருக்காமல் டாக்டர் சொல்வதைத் தொடங்கிவிடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் எந்த மரபணு டெஸ்ட் அதில் அடங்கும், எது அடங்காது என்பதை மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிட்டுத்தான் ரத்தமோ பிளாக்கோ கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் பில்தான் வரும். பெங்களூருக்குப் போகிறவர்கள், அந்த மருத்துவமனை நம் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

## பிளாக்கை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு

சேலமோ, வேலூரோ, அடையாறோ, பெங்களூரோ, எங்கே போனாலும் ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக்கும் வேண்டும் என்று சொல்வார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி அங்கே போய் அதைக் கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. முதல் தடவையே இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாத வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். பெட்ரோல் போட இறங்கும்போது கூட சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். பிளாக்கைக் கொடுக்கும்போது எண், எத்தனை பிளாக், தேதி எல்லாம் எழுதி ரசீது வாங்குங்கள். ஆபரேஷன் கேஸ் என்றால் ஏழெட்டு பிளாக் இருக்கும், அதில் கட்டி எதில் நன்றாக இருக்கிறது என்று எங்களிடம் கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுவோம், அந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். டெஸ்ட் முடிந்ததும் திருப்பி வாங்கி, சட்டத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கும் எண் ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று கவுன்ட்டரிலேயே நின்று பாருங்கள்.